மூத்தவளுக்குரிய வீடு

மாரி தொடங்கிய மூன்றாம் வாரத்தில், ஒரு மாலைப் பொழுதில், மூவர் மாத்திரமே வாழ்ந்த அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன.

யோகராசா அவற்றை இருமுறை எண்ணினார். துடைத்த பின்னரும் விளிம்புகளில் தங்கிய நீர்த்துளிகள் மின்விளக்கின் ஒளியில் பளிச்சிட்டன. அடுப்படியிலிருந்து தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்ந்து கொதிக்கும் மணம் வந்தது. வெளியே, முற்றத்துக்கும் வாவிக்கும் இடையே அடர்ந்திருந்த கண்ணா என்னும் அலையாத்திப் பற்றைகளின்மீது மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒருவர், மனைவி அன்னப்பூரணி, ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் நிருஷா. நான்காவது தட்டின் முன்னால் கதிரை ஒன்று, ஒருவர் வந்து அமர்வதற்கு ஏற்றவாறு, சற்றே வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது.

“ஆருக்குக் கா இது?”

“எது?” என்றபடி அன்னப்பூரணி சொதிச் சட்டியை இறக்கி வைத்தாள். அவர் சுட்டிக்காட்டிய தட்டைப் பார்த்தபோதும் அவளுடைய முகத்தில் எத்தகைய தடுமாற்றமும் தோன்றவில்லை. “கைப்பழக்கம். இருங்க, சோறு ஆறுது.”

மருமகன் ஜெயந்தன் வேலைக்காகக் கத்தாருக்குப் போய் ஐந்து மாதங்கள் ஆகியும் அவளுடைய கை அவனை மறக்கவில்லை போலும் என்று எண்ணி அவர் ஆறுதலடைந்தார். ஆயினும் ஜெயந்தன் எப்போதும் யன்னலோரத்தில் அமர்பவன். இந்தத் தட்டோ அன்னப்பூரணியின் வலப்புறத்தில், அவளுடைய கை எட்டும் தூரத்தில் இருந்தது. தாய்மார் தம் பிள்ளைகளை அமர்த்தும் இடம் அது.

யோகராசா ஒரு மர்ம நாவலாசிரியர். கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய காலத்திலும், ஓய்வு பெற்ற பின்னரும், மொத்தமாகப் பதினொரு நாவல்களை எழுதி வெளியிட்டிருந்தார். தன்னாமுனையின் வாவிக்கரையில் அமைந்த அந்த வீடு அவருடையதன்று. அது அன்னப்பூரணிக்கு அவளுடைய தாய் சீதனமாகக் கொடுத்தது; தாய்க்கு அவளுடைய தாய் கொடுத்தது. அந்தக் குடும்பத்தில் வீடு மூத்த மகளைச் சேரும். ஆண் அவ்வீட்டுக்கு வந்து சேர்பவன். இருபத்தொன்பது ஆண்டுகளாக வந்து சேர்ந்தவராகவே வாழ்ந்த யோகராசா, அவ்வீட்டாரின் கதைகளை மாத்திரம் தமதாக்கிக்கொண்டார். கிணற்றில் கிடந்த பெரியப்பன், தோணியோடு காணாமற்போன மாமன், நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு விடியற்பொழுதில் வட்டைக்குள் இறங்கி நெற்பயிருக்கூடாக நடந்துபோன சின்னம்மை ஆகிய அனைவரும் அவருடைய நாவல்களில் வேறு பெயர்களோடு மாண்டார்கள்.

“எங்கட குடும்பத்தில செத்த ஆக்களயெல்லாம் இந்த மனிசன் ரெண்டாந்தரமும் சாக்காட்டிப் போட்டார்” என்று விருந்தினரிடம் சொல்லிச் சிரிப்பது அன்னப்பூரணியின் வழக்கம்.

தம் கைகளால் செய்து பாராத எதனையும் அவர் எழுதுவதில்லை. நனைந்த கயிற்றின் முடிச்சு எவ்வளவு நேரத்தில் இளகும் என்பதனை அறிய ஒரு பகல் முழுவதும் வாவிக்குள் இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறார். பிணம் கிடக்கும் தோணிக்குள் நீரின் ஓசை எவ்வாறு கேட்கும் என்பதனை அறியத் தாமே பாயைப் போர்த்துக்கொண்டு அதன் அடியில் படுத்திருக்கிறார்.

பன்னிரண்டாவது நாவலில் கொலையுண்டவள் தவமலர் என்னும் பெண்; ஒரு வீட்டின் மூத்த மகள். முற்றிலும் கற்பனையானவள், எந்த உறவினரின் சாயலும் படியாதவள். அக்கதையின் முடிச்சு எட்டாம் நாள் படையலில் அவிழ வேண்டியிருந்தது. அன்னப்பூரணியின் குடும்பத்தில் ஒருவர் இறந்த எட்டாம் நாள், அவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்து, உள்ளறையில் இலைபோட்டுப் படைத்து, விளக்கேற்றி, உறவுமுறை சொல்லி மூன்று முறை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். முப்பத்தோராம் நாள் மறுபடியும் படைத்து, விடைகொடுத்து அனுப்புவார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்னர், மகளின் கிளினிக்குக்காகத் தாயும் மகளும் மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் சென்ற ஒரு காலைப் பொழுதில், யோகராசா அதனையும் செய்து பார்த்தார். மணலை மீன் சொதியையும், ஒட்டி மீன் பொரியலையும், சுங்கான்கீரைச் சுண்டலையும் தாமே சமைத்தார். உள்ளறையில் வாழையிலையை விரித்தார். கதையில் தந்தை எவ்வாறு அழைப்பாரோ அவ்வாறே மூன்று முறை அழைத்தார்.

“தவமலர். மகள். வீட்ட வா மகள்.”

கதவைச் சாத்தி, வெளியே நின்று, திரி எரியும் மணத்தையும் மூடிய கதவுக்கு அப்பாலிருந்த மௌனத்தின் கனத்தையும் குறிப்பேட்டில் பதிந்தார். பின்னர் உணவைக் காகங்களுக்கு இட்டார், இலையைப் புதைத்தார், பாத்திரங்களைக் கழுவினார். எவரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நாவல் தங்குதடையின்றி ஓடிற்று.

*

நான்காவது தட்டைக் கண்டதற்கு மறுநாட் காலை, ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் றிஸ்வி முற்றத்துக் கம்பிப் படலையடியில் நின்று ஹோர்ன் அடித்தான்.

“என்ன கிளாக்கர் ஐயா, இண்டைக்கு ஆரச் சாக்காட்டப் போறிங்க?”

“மீன்காரன் ஒருத்தன் இரிக்கான். பாப்பம்.”

“என்னச் சாக்காட்டினா மறுகா கறிக்கு எங்க போவீங்க?” றிஸ்வி சிரித்தவாறே பெட்டியிலிருந்த ஐஸ் கட்டிகளை விலக்கி, தனியாகச் சுற்றிவைத்த பொதி ஒன்றை எடுத்தான். “இந்தாங்க, ஒட்டி. மலர்ப் புள்ள சொல்லி வெச்சது. நல்ல பெரிசாப் பாத்து நாலு எடுத்து வெச்சிரிக்கன்.”

“எந்த மலர்?”

“பகிடி விடாதீங்க ஐயா. உங்கட மூத்த மகளத் தெரியாதா?”

அவன் போய்விட்டான். பொதியின் குளிர்ச்சி யோகராசாவின் விரல்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தம் நாவல்களில் வரும் துப்பறிவாளரைப் போலவே சிந்தித்தார். அன்னப்பூரணி கையெழுத்துப் பிரதியைக் களவாக வாசித்திருக்கிறாள். றிஸ்வியையும் சேர்த்துக்கொண்டு விளையாடுகிறாள். வேறு விளக்கம் இருக்க முடியாது. அவர் பிரதியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டித் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.  

நண்பகலில் அன்னப்பூரணி கொல்லைப்புறத்திலிருந்து அழைத்தாள். மகள் பிறந்த நாள் தொட்டு இருபத்தாறு ஆண்டுகளாக, அவள் தன் கணவரை ‘நிருஷாட அப்பா’ என்றே அழைத்து வந்தவள்.

“மலர்ட அப்பா, இந்தத் தேங்காய ஒருக்கா உரிச்சுத் தாங்க.”

அக்குரலில் விளையாட்டு இல்லை. நீண்ட காலப் பழக்கத்தின் சலிப்பு இருந்தது.

அவர் சென்று தேங்காயை உரித்துக் கொடுத்தார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏனெனில், அன்று காலையில் மாத்திரம் அவர் ஒன்பது பக்கங்கள் எழுதியிருந்தார். தம் வாழ்நாளில் ஒரே காலையில் ஒன்பது பக்கங்கள் எழுதியவர் அல்லர் அவர். எதையேனும் கேட்டால் அது நின்றுவிடக்கூடும் என்ற அச்சம், மற்றெல்லா அச்சங்களையும் விட அவருக்குப் பெரிதாயிருந்தது.

அன்று உணவருந்தத் தாமதித்தே வந்தார். தட்டுகள் எடுக்கப்படாமல் கிடந்தன. வலப்புறத் தட்டில், விளிம்போரமாக, ஒட்டி மீனின் முட்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சிறியதிலிருந்து பெரியதுவரை, அளந்து அடுக்கினாற்போல. தவமலருக்கு அத்தகைய பழக்கம் ஒன்றை அவர் முந்திய நாளிரவு எழுதியிருந்தார். அந்தப் பக்கம் பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தது. திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது.

நிருஷா ஒட்டி மீன் உண்பதில்லை. கருவுற்ற நாள் முதல் அதன் மணமே அவளுக்குக் குமட்டும்.

*

அதன் பின்னர் மழை ஆறு நாட்கள் விடவில்லை. வாவி முற்றத்தின் எல்லைவரை ஏறிவந்தது. சுவர்கள் ஈரத்தை உறிஞ்சிக் கருத்தன. வீடெங்கும் சேற்றின் மணமும், அதனோடு எங்கிருந்தோ கலந்த புதிய பவுடரின் மணமும் பரவியிருந்தன. நிருஷா அத்தகைய பவுடர் பூசுபவளல்லள். உள்ளறையின் கதவு எந்நேரமும் விரலிடை அளவு திறந்தே இருந்தது. சாத்தினால், சிறிது நேரத்தின் பின் மீண்டும் அதே அளவு திறந்திருந்தது.

நான்காம் நாள் பிற்பகலில் மூவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அன்னப்பூரணி தானாகவே பேசத் தொடங்கினாள்.

“உங்களுக்கு நினைவிரிக்கா? இதே மாதிரி ஒரு மாரி. மலர் தோணியால விழுந்தாளே, ஆறு வயசில. நீங்க தலைமயிரில புடிச்சுத் தூக்கினீங்க.”

நிருஷா கோப்பையைக் கீழே வைத்தாள். “அது நான் அம்மா.”

“நீ அப்ப என்ட மடியில பால்குடி.”

“அம்மா, என்ன கதைக்கிறீங்க? எனக்கு ஆரு அக்கா?”

அன்னப்பூரணி மகளின் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். “புள்ளத்தாச்சிக்கு மறதி வாறதுதான். உள்ளுக்க இரிக்கிறவன் உன்ட மூளையையும் சேத்துக் குடிக்கிறான் போல.”

நிருஷா தந்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் நன்கு அறிவார். நீருக்கு மேலே வந்த ஆறு வயதுச் சிறுமி, இருமிக்கொண்டே, அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு பார்த்த பார்வை அது. அந்தச் சிறுமி நிருஷாதான். ஐயமில்லை. அவருடைய உள்ளங்கையில் அந்த ஈரக்கூந்தலின் பாரம் இன்னும் இருந்தது.

“நிருஷாதான் விழுந்தது” என்றார் யோகராசா.

“உங்களுக்கும் வயசு போகுது” என்றாள் மனைவி.

மறுநாள் அன்னப்பூரணி வீட்டின் உறுதிப் பத்திரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து மேசைமீது விரித்தாள். பத்திரம் எழுதும் நொத்தாரிசுவிடம் போக வேண்டும் என்றாள். மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கு வீட்டை எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். அன்று மாலையே உள்ளறையிலிருந்த நிருஷாவின் தலையணையும் போர்வையும், குழந்தைக்காகத் தைத்த துணிகளும், பெட்டியும் முன்விறாந்தைக்கு மாற்றப்பட்டன.

“அக்காட அறை அது” என்றாள் அன்னப்பூரணி, கடிந்துகொள்ளாமல். “நீ எத்தின நாளைக்கு அதில இரிக்கப்போறாய்?”

*

நிருஷா அவருடைய எழுத்தறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“அப்பா, எனக்கு விசரா?”

“இல்ல மகள்.”

“அப்ப அம்மாவுக்கா?”

அவர் இழுப்பறையைத் திறந்தார். பிரதியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முந்திய அந்தக் காலைப் பொழுதில் நிகழ்ந்த அனைத்தையும், சமைத்த கறிகள் உட்பட, ஒன்றும் மறைக்காமல் கூறினார். அவள் பக்கங்களைப் புரட்டவில்லை. பெயர் இருந்த இடத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘மகள்’ எண்டா கூப்பிட்டீங்க?”

“கதைக்காக.”

“அவவுக்கு அது தெரியுமா?”

யோகராசா பிரதியைத் தம் பக்கம் இழுத்து மூடினார்.

“கூப்பிட்டவர் நீங்க. நீங்களே போகச் சொல்லுங்க அப்பா.” அவள் வயிற்றைத் தாங்கியவாறு கதிரையில் அமர்ந்தாள். “கெதியாச் சொல்லுங்க. காலையில அம்மா என்னப் பாத்து, நீங்க ஆரு பிள்ள எண்டு கேட்டவ.”

விடைகொடுத்து அனுப்புவதற்கு முப்பத்தோராம் நாள் வேண்டும். அந்நாளைக் கணிப்பதற்கு இறந்த நாள் வேண்டும். தவமலர் எந்நாளிலும் இறந்தவளல்லள். மட்டக்களப்பின் எந்தப் பதிவேட்டிலும் அவள் பிறக்கவுமில்லை. எட்டாம் நாளுக்கு முன்னர் ஏழு நாட்கள் இல்லாதவளை, ஒரு வீட்டுக்கு, மகளே என்று, மூன்று முறை அழைத்திருந்தார் அவர். மற்றவர்கள் தம் இறந்தவரையே அழைக்கிறார்கள். அழைக்கப்பட்டவருக்குப் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

ஆயினும் அவர் சென்றார். நண்பகல் வெளிச்சத்திலேயே உள்ளறையின் முன்னால் நின்றார். விரலிடை அளவு இருள். பவுடரின் மணம். 

“போ மகள்” என்றார்.

சொன்ன பின்னரே தாம் கூறியதை உணர்ந்தார். மீண்டும் அதே சொல். உள்ளே கட்டிற் சட்டம் ஒருமுறை முனகிற்று. வசதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்பவரின் பாரத்தால் முனகுவதுபோல.

அன்று மாலை ஜெயந்தன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். நிருஷா அருகில் நின்றதால் யோகராசா ஒலியைக் கூட்டி வைத்தார்.

“மாமா, மலர் எப்பிடி இரிக்கா? கிளினிக்குக்குப் போனவவா?”

“நிருஷாவக் கேக்கிறீங்களா மகன்?”

“ஆரு மாமா அது?”

நிருஷா அழவில்லை. கைத்தொலைபேசியின் சிறு திரையில் சிரித்த தன் கணவனின் முகத்தை, ஒரு கடையின் யன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

*

எழுதி வைப்பதென்று அவர் தீர்மானித்தார். அவரிடமிருந்த கருவி அது ஒன்றுதான். நினைவு அழியலாம், எழுத்து நிற்கும். நாவலை நிறுத்திவிட்டு, புதிய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, முதற்பக்கத்தின் தலைப்பில் நிருஷா என்று எழுதினார். அவள் எதிரே அமர்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“முதல் பல் விழுந்தப்ப கூரையில எறிஞ்சம். அது திரும்பி உங்கட தலையில விழுந்தது.”

“ஓம். ஓம்.”

“பள்ளிக்கூடத்தில நான் பொய் சொன்னன், எங்கப்பா பொலிஸ் எண்டு. நீங்க கொலையப் பத்தி எழுதிறதால.”

இருவரும் சிரித்தார்கள். பல நாட்களின் பின் அவ்வீட்டில் அவர் கேட்ட நல்ல ஓசை அதுவே. எழுத எழுத அவருடைய நெஞ்சிலிருந்த அச்சம் தணிந்தது. பேனா விரைந்து ஓடிற்று. முதலில் ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டு எழுதினார். பின்னர் கேளாமலே எழுதினார். ஒரு நிகழ்ச்சியின் இடத்தை மாற்றினால் அதன் அழகு கூடும் என்று கண்டு, மாற்றினார். இடது புருவத்தின் மேல் ஒரு சிறு தழும்பைச் சேர்த்தார். அச்சங்கொள்ளும்போது கீழுதட்டைக் கடிக்கும் வழக்கத்தைக் கொடுத்தார். மழையின் ஓசை, தாளின்மீது பேனாவின் ஓசை, தூரத்தில் ஏதோ ஒரு தோணியில் மோதும் நீரின் ஓசை.

ஒரு வேளையில் தலையை நிமிர்த்தியபோது எதிர்க்கதிரை வெறுமையாக இருந்தது. அதற்காக அவர் வாக்கியத்தை இடைநிறுத்தவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கம் நிறைந்தபோது மாலையாகியிருந்தது. அவர் முதலிலிருந்து வாசித்தார். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. இத்தகைய உயிர்த்துடிப்புள்ள பாத்திரத்தை இதற்கு முன் அவர் படைத்ததில்லை. இவள் உண்மையில் வாழ்ந்தவள் என்றே வாசகர் நம்புவர்.

அவர் கொப்பியை மூடினார். களைப்பு. நிறைவு. எழுந்து முன்கதவுக்கு வந்தார்.

மழை விட்டிருந்தது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

படலைக்கு வெளியே ஒரு பெண் நின்றாள்.

நனைந்த உடை. வெறுங்கால்கள். ஒரு கை வயிற்றைத் தாங்கியிருந்தது. ஏழு மாதம் இருக்கலாம்.

“அப்பா” என்றாள்.

யாருடைய பிள்ளையோ. பாவம்.

“அப்பா, திறங்க. அம்மா என்ன வெளியில விட்டுப் பூட்டிப் போட்டா. அப்பா.”

அவர் உற்றுப் பார்த்தார். அந்த முகம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கோ நன்றாக விவரிக்கப்பட்ட முகம். அவள் கீழுதட்டைக் கடித்திருந்தாள். இடது புருவத்தின் மேல் ஒரு சிறு தழும்பு.

“நிருஷா அப்பா. நான் நிருஷா.”

நல்ல பெயர். தெரிந்தெடுக்க அவர் அதிக நேரம் செலவிட்டிருக்க வேண்டும்.

உள்ளே கொலுசு ஒலித்தது. உள்ளறையின் கதவு முழுமையாகத் திறந்தது. பவுடரின் மணம் அவருடைய தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. இளஞ்சூடான மூச்சு. மூத்தவள்.

“அப்பா, கதவச் சாத்துங்க. நுளம்பு கடிக்க வருகுது.”

“சாத்துறன் மகள்” என்றார் யோகராசா.

சாத்தினார். மெதுவாக. இடைவெளி ஒடுங்கிக்கொண்டே வந்தது. படலை. பின்னர் படலையின் பாதி. பின்னர் அதன் கம்பிகளுக்கூடாக முற்றத்துக்குள் நீண்ட ஒரு கை மாத்திரம். அதன் விரல்கள் வெறுங்காற்றைப் பற்றின. விட்டன. மறுபடியும் பற்றின.